எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? தவளம் முதல் மரக்கறி லொறி வரை

 

என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் பலரின் வாப்பாமார், அப்பாமார் லொறி சாரதிகள். அவர்களுடைய தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. பாடப் புத்தகத்தில் அதற்கு இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கண்டி இராச்சியக் காலத்தில் மலைநாட்டுக்கு வண்டிப் பாதை கிடையாது. உப்பும் கருவாடும் பொதி மாடுகளின் முதுகில்தான் மேலே ஏறின. பாக்கு அதே மாடுகளில் கீழே இறங்கியது. இந்த மாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். அரசனின் போக்குவரத்துப் பகுதி "மடிகே பத்த". அதில் நம் முஸ்லிம் முன்னோர்கள் பெருமளவில் வேலை செய்தார்கள். கண்டி, குருணாகல் பக்கங்களில் "மடிகே" என்ற ஊர்ப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன.

தவளக்காரனுக்கு நேரத்தைச் சொன்னது மாடு. மாடு களைத்தால் பொதியை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆறு பெருகினால் வடியும் வரை காத்திருக்க வேண்டும். வழிப்போக்கர் தங்க அம்பலங்கள் இருந்தன. கடுகண்ணாவையில் பாதையோரம் பழைய அம்பலம் ஒன்றை இப்போதும் பார்க்கலாம்.

1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. 1832இல் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. பிறகு வந்தது கோப்பி. அதைச் சுமந்தவை மாட்டு வண்டிகள். மழைக் காலத்தில் சில்லு புதைந்தாலோ, மாட்டுக்கு நோய் கண்டாலோ, கொழும்பு போய்ச் சேர வாரக் கணக்காகும். தோட்டத்தில் கோப்பி தேங்க, துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கும். துரைமார் ரயில் வேண்டும் என்று விடாமல் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

ரயில் 1867இல் கண்டிக்கு வந்தது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. அதற்குள் கோப்பி நோயில் அழிந்து தேயிலை எழுந்துவிட்டது. கொழும்பில் தேயிலை ஏலமும் 1883இல் ஆரம்பமானது. இந்தப் பாதைகளையும் தோட்டங்களையும் உருவாக்கியதில் மலையகத் தமிழ் உறவுகளின் பாட்டன் பூட்டன் சிந்திய வியர்வை கொஞ்சமல்ல.

ரயில் ஒரு புதிய பழக்கத்தைக் கொண்டுவந்தது: நேர அட்டவணை. புறப்படும் நேரத்தைத் தனி ஒரு ஆள் தீர்மானிப்பதில்லை. நிலைய அதிபர், சமிக்ஞை, தந்தி, மாற்று ஓட்டுநர் என்று ஒரு ஏற்பாடே அதைச் சுமந்தது.

பிறகு சுமை மெல்ல மெல்ல வீதிக்கு மாறியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடிய சின்ன ரயிலும் 1940களில் மூடப்பட்டது. இன்று கோவா, கரட், லீக்ஸ் எல்லாம் லொறியில்தான் பேலியகொடைக்கும் தம்புள்ளைக்கும் போகின்றன. இப்போது நேரத்தைச் சொல்வது சந்தை. விடியுமுன் போய்ச் சேராவிட்டால் விலை விழும், சரக்கு வாடும்.

நல்ல சாரதி கணக்கைப் பின்னாலிருந்து போடுவார். இந்தக் கணக்கைப் பாருங்கள். அதிகாலை 3 மணிக்கு பேலியகொடையில் நிற்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீற்றர். சுமையோடு, வளைவுகளில், சராசரி மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால் 6 மணித்தியாலம். அரை மணி வீதம் இரண்டு ஓய்வுக்கு 1 மணித்தியாலம். றம்பொடையிலோ கினிகத்தேனையிலோ மூடுபனி, மண்சரிவு, வீதித் தடை வரலாம், அதற்கு இன்னொரு மணித்தியாலம். மொத்தம் 8. ஆக, இரவு 7 மணிக்குப் புறப்பட வேண்டும்.

கணக்கு சரிதான். ஆனால் ஒன்று விடுபட்டிருக்கிறது. அந்த மனிதர் காலை 6 மணிக்கு எழும்பி, பகல் முழுக்கத் தோட்டம் தோட்டமாகச் சரக்கு ஏற்றியிருந்தால், பேலியகொடையில் இறங்கும்போது 21 மணித்தியாலம் கண் மூடாமல் இருந்திருப்பார். சரக்கு ஏற்றுவது பிந்தி 9 மணிக்குப் புறப்பட்டால், அந்த இரண்டு மணித்தியாலத்தை எங்கே எடுப்பார்? முதலில் ஓய்வை வெட்டுவார். அடுத்து, குறைந்த கியரில் இறங்க வேண்டிய இறக்கத்தில் பிரேக்கை நம்பி வேகமாக இறங்குவார்.

நம் வீதிகள் மன்னிக்காதவை. 2023 ஜனவரி 20இல் நானுஓயா–ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் இந்த மலையில் ஒரு பிழைக்கு இடமில்லை என்பதை இரண்டும் சொல்கின்றன.

தவளக் காலத்தில் மாடு களைத்தால் பயணம் நின்றது. ரயில் காலத்தில் ஓட்டுநர் களைத்தால் ஆள் மாறினார். லொறிக் காலத்தில் மட்டும் மழை, சந்தை, முதலாளி என எல்லாருடைய தாமதத்தையும் ஒரு மனிதரின் தூக்கத்தில் கழிக்கிறோம். மாட்டுக்குக் கொடுத்த ஓய்வை மனிதனுக்குக் கொடுக்க மறந்துவிட்டோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். வியாபாரிகளே, சரக்கை மாலை 5 மணிக்குள் ஏற்றி முடியுங்கள். ஏற்றுகிற நேரத்தில் சாரதியைத் தூங்க விடுங்கள், மூட்டை தூக்க வைக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களே, பயண நாளின் பகலில் அவரை வேறு வேலைக்கு அனுப்பாதீர்கள். சாரதி சகோதரர்களே, பிந்தினால் பிந்தட்டும், "வர நேரமாகும்" என்று ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு நாள் விலை போனால் அடுத்த நாள் பிடிக்கலாம்.

இன்றிரவு வீதியில் இருக்கும் எல்லோரையும் இறைவன் பத்திரமாக வீடு சேர்ப்பானாக.