ஆடு பாம்பே: மலையாள ராக்கின் முதல் பெரும் வெற்றி

2008-இல் வெளியான ‘அவியல்’ ஆல்பம், திரைப்படத்தின் துணையில்லாமல் மலையாள ராக் இசையைக் கேரளம் முழுவதும் கேட்கவைத்தது. அதை உருவாக்கிய குழுவின் பெயரும் அவியல்தான். திருவனந்தபுரத்தில் 2003-இல் தோன்றிய அந்தக் குழு, எட்டுப் பாட்டுகள் கொண்ட தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவர ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

திரைக்கு வெளியே பாட்டு விற்பது அந்த நகரத்துக்குப் புதிதல்ல. பாடகர் கே. ஜே. யேசுதாஸ் 1980-இல் அங்கே தொடங்கிய தரங்கிணி நிறுவனம், ஓணப் பாட்டுகளையும் பக்திப் பாடல்களையும் மெல்லிசையையும் காசெட்டில் பதித்து வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. ராக் அந்த வரிசையில் சேரவில்லை. கேரளத்து ராக் குழுக்கள் ஆங்கிலத்தில்தான் பாடின. கொச்சியின் ‘13 ஏ.டி.’ 1990-இல் கொண்டுவந்த ‘கிரவுண்ட் ஜீரோ’ ஆங்கில ஆல்பம். அதே கொச்சியிலிருந்து வந்த ‘மதர்ஜேன்’ குழுவும் ஆங்கிலத்திலேயே எழுதியது. கிதார் வாசிப்பில் இவர்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்லூரி விழா மேடைகளைத் தாண்டி இந்தப் பாட்டுகள் வெகுதூரம் போகவில்லை.

தாய்மொழியில் ராக் பாடலாம் என்ற துணிச்சல் அப்போது வடக்கில் வலுத்துக்கொண்டிருந்தது. தில்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழு 2000-இல் வெளியிட்ட ‘கந்தீஷா’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டே கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடல். 2004-இல் ரப்பி ஷெர்கில் பஞ்சாபி சூஃபி கவிஞர் புல்லே ஷாவின் பாட்டைக் கிதாரோடு பாடி நாடெங்கும் அறியப்பட்டார். அந்த ஆல்பத்தை வெளியிட்ட மும்பையின் ஃபாட் ஃபிஷ் நிறுவனமே பின்னாளில் ‘அவியல்’ ஆல்பத்தையும் வெளியிட்டது.

அவியல் குழுவை முதலில் அறிமுகப்படுத்தியது ‘நட நட’ என்ற ஒற்றைப் பாட்டு. ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால் பாடிய அது, 2003-இல் வீடியோவாகத் தொலைக்காட்சியில் ஓடியது. பிறகு அவர் விலகிவிட, டோனி ஜான் பாடகரானார். கிதாருக்கு ரெக்ஸ் விஜயன், டிரம்ஸுக்கு மிதுன் புத்தன்வீட்டில், பேஸ் கிதாருக்கு நரேஷ் காமத். பாடகர் கைலாஷ் கேரின் ‘கைலாசா’ குழுவில் வாசித்தவரும் இதே நரேஷ் காமத்தான்.

ஆல்பத்தின் பாட்டுகள் திரைப்பாட்டின் காதல் மொழியைத் தொடவேயில்லை. வயல்வெளியின், நாட்டார் பாட்டின் பேச்சுதான் இவற்றில் ஒலிக்கிறது. ‘செகேலே’ இதற்கு நல்ல சான்று. முரட்டுக் கிதாரும் மண்வாசனைச் சொற்களும் சேர்ந்து வருகையில் எது பழையது, எது புதியது என்று பிரிக்கத் தோன்றாது.

தமிழ் வாசகர் நின்று கேட்க வேண்டிய பாட்டு ‘ஆடு பாம்பே’. இதன் வரிகள் ஸ்ரீ நாராயண குருவின் ‘குண்டலினிப் பாட்டு’. குரு பிறந்த செம்பழந்தி திருவனந்தபுரத்தை ஒட்டிய ஊர். 1888-இல் அருவிப்புரத்தில் சிவலிங்கம் நிறுவிச் சாதி விலக்கை எதிர்த்த அவர், தமிழிலும் தேர்ந்தவர்; தமிழில் பதிகங்கள் பாடினார், திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். திருவனந்தபுரம் ரெசிடென்சியில் பணியாற்றிய தமிழரான தைக்காடு அய்யாவிடம் அவர் யோகம் பயின்றார் என்பர். குண்டலினிப் பாட்டின் அச்சு, பாம்பாட்டிச் சித்தர் பாடல்களின் அச்சுதான்: பாம்பை ஆடச் சொல்லி அழைப்பதும், அந்த அழைப்பே அடிதோறும் திரும்பி வருவதும் இரண்டுக்கும் பொது.

ராக் இசைக்கு இதைவிடப் பொருத்தமான வரி வடிவம் கிடைப்பது அரிது. திரும்பத் திரும்ப வரும் ஓர் அழைப்பு, அதன் அடியில் விடாமல் சுழலும் ஒரு கிதார் துணுக்கு; இரண்டும் சேர்ந்து கேட்பவரைப் பிடித்துக்கொள்கின்றன. சித்தர் மரபு ஓதுவதற்கும் ஆடுவதற்கும் நடுவே வைத்திருந்த பாட்டை, அவியல் மறுபடியும் ஆட்டத்தின் பக்கம் நகர்த்தியது. இந்த ஒரு பாட்டுக்காகவே ஆல்பத்தை வரலாற்றில் வைக்கலாம்.

ஆல்பத்தின் வெற்றியைத் திரையுலகமே முதலில் உறுதிசெய்தது. ஆஷிக் அபு இயக்கிய ‘சால்ட் அண்ட் பெப்பர்’ (2011) படத்துக்காகக் குழு ‘ஆனக்கள்ளன்’ பாட்டைக் கொடுத்தது. அதே ஆண்டு ‘சாப்பா குரிசு’ படத்துக்கு ரெக்ஸ் விஜயன் இசையமைத்தார். ‘22 பீமேல் கோட்டயம்’ (2012), ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’ (2013), ‘பறவ’, ‘மாயாநதி’ (இரண்டும் 2017) என்று அவர் இசை தொடர்ந்தது. புதிய மலையாளப் படங்களின் பின்னணியில் கிதார் அடர்ந்து ஒலிக்கத் தொடங்கியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

தாய்மொழி ராக்குக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தபின் அடுத்த தலைமுறை தயங்கவில்லை. கொச்சியின் ‘தைக்குடம் பிரிட்ஜ்’ குழு 2013-இல் கப்பா டிவியின் ‘மியூசிக் மோஜோ’ நிகழ்ச்சி வழியாகப் புகழ்பெற்றது. அதன் வயலின் கலைஞர் கோவிந்த் வசந்தாதான் 2018-இல் வந்த ‘96’ படத்தின் இசையமைப்பாளர்.