எட்டடி ஈட்டியும் பதினெட்டடி வல்லயமும்

பாய்மரப் போர்க்கப்பல் என்றதும் பீரங்கிதான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டு கப்பல்கள் உரசி நின்று, எதிரி விளிம்பைத் தாண்டிக் குதிக்கிற வேளையில் பீரங்கி உதவாது. பாய்மரத்தின் அடியைச் சுற்றி நிறுத்தி வைத்த ஈட்டிகளைத்தான் மாலுமிகள் ஓடிப்போய் உருவுவார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் அதன் நீளம் ஏறக்குறைய எட்டடி. அதற்கு மேல் நீண்டால், கயிறும் சாமானும் அடைத்துக் கிடக்கும் தளத்தில் திருப்ப முடியாது. ஏறி வருகிறவனை ஏறவிடாமல் நிறுத்த அந்த எட்டடி போதும்.

தென்காசிச் சீமையில் அதே வேலையைச் செய்த ஈட்டியான வல்லயத்துக்குப் பதினெட்டடி. கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம், பாளையத்து மறவர் படையைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். ஈட்டிக்காரர்கள்தான் அந்தப் படையில் முதல் மரியாதைக்கு உரியவர்கள். தாக்குதலில் முன்னே போகிறவர்களும் அவர்களே. முனைக்குக் கீழே சிவப்புக் குதிரைமயிர்க் குஞ்சம். எதிரே குதிரைப்படை என்றால் சிறு மணியும் சேரும். நெருக்கி அணிவகுத்து நீண்ட எட்டு வைத்து வரும்போது, தண்டுகளின் அதிர்வுக்கும் மணியோசைக்கும் குதிரைகள் மிரளும். சுடலைமாடன் கோயில் கொடையில் மணி கட்டிய வல்லயத்தைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

1759 இறுதியில் கம்பெனியின் படைத்தலைவர் கான்சாகிப் என்கிற யூசுப் கான், திருவிதாங்கூர்ப் படையையும் சேர்த்துக்கொண்டு வடகரையைப் பிடித்தார். அடுத்து வாசுதேவநல்லூர். பீரங்கிகள் மண்கோட்டையில் உடைப்பை உண்டாக்கின. ஆனால் அதன் வழியே ஏறியவர்கள் உள்ளே போக முடியவில்லை. கோட்டைக்கு உரிய பாளையக்காரர் பூலித்தேவரின் படை வெளியிலிருந்தும் மோதியது. முற்றுகை கலைந்தது. 1761-இல்தான் கோட்டை யூசுப் கான் கைக்கு வந்தது.

உடைப்பில் என்ன நடந்திருக்கும் என்பதை, பின்னாளில் பாஞ்சாலங்குறிச்சியில் நடந்ததைக் கொண்டு ஊகிக்கலாம். 1801 மார்ச் 31 அன்று அங்கே உடைப்பின் உச்சியைத் தொட்ட கம்பெனிச் சிப்பாய்கள் வரிசையாக விழுந்தார்கள். மே 24-இல் கோட்டை விழுந்த பிறகுதான் காரணம் தெரிந்தது என்கிறார் அந்தப் போரில் இருந்த கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். கோட்டைக்காரர்கள் உடைப்புக்குப் பின்னால், குண்டு படாத பள்ளத்தில் நின்றுகொண்டு, பதினெட்டு, இருபதடி ஈட்டிகளால் மேல்நோக்கிக் குத்தியிருக்கிறார்கள். சுட்டவன் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். ஈட்டிக்கு அந்த இடைவெளி கிடையாது.

பீரங்கிக்கு எதிரே வேல்கம்பு ஏந்திய அப்பாவிகள் என்று இவர்களைப் பரிதாபமாகச் சொல்லும் வழக்கம் எனக்கு ஒப்பவே இல்லை. கப்பல் விளிம்பானாலும் கோட்டை உடைப்பானாலும், நெருக்கமான ஒரே வழியாக எதிரி வந்தாக வேண்டும். அங்கே துப்பாக்கியைவிட ஈட்டி மேல். கடற்படைத் தளபதிகள் எட்டடியில் கண்ட கணக்கை, நம் ஆட்கள் தங்கள் களத்துக்கு ஏற்பப் பதினெட்டடியாக்கிக் கொண்டார்கள்.

கம்பெனிக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையச் சீமைகளில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. அந்தத் தடையில் துப்பாக்கி வகைகளோடு ஈட்டியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள்.