எலி தின்ற தானியமும் எந்திரக் கழுதையும்

பழைய வீடியோ கேம் என்றதும் மரியோவும் பாக்-மேனும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். தாவுவது, ஓடுவது, சுடுவது. ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே வாங்கு, விற்பனை செய், கடனைக் கட்டு என்று இன்னொரு ரக விளையாட்டுகள் இருந்தன. துப்பாக்கிக்குப் பதில் கணக்கு. பி.காம் படிக்கிறவன் கண்ணில் அதுதானே படும் :-) அப்படி மூன்றைப் பற்றி இங்கே.

முதலில் ஹமுராபி. 1970களில் அமெரிக்காவில் கணினி இருந்த பள்ளி, கல்லூரிகளில் ஓடியது. படம் கிடையாது, வெறும் எழுத்துதான். நீங்கள் பழைய சுமேரியாவின் ராஜா, பத்து வருஷம் ஆள வேண்டும். தொடக்கத்தில் 100 மக்கள், 1000 ஏக்கர், 2800 புஷல் தானியம் (புஷல் என்பது நம்ம மரக்கால், கலம் மாதிரி ஒரு முகத்தல் அளவு). ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 20 புஷல் சாப்பாடு, ஒரு ஏக்கருக்கு அரை புஷல் விதை, ஒரு ஆள் பத்து ஏக்கர்தான் உழுவான். அவ்வளவுதான் விதிகள்.

முதல் வருஷத்தைப் போட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்கு 2000 போச்சு. விதைக்கு 500 போச்சு. கையிருப்பு 300. நிலம் ஏக்கர் 20 புஷல் என்றால் 15 ஏக்கர் வாங்கலாம், ஆனால் அதை உழ ஆள் இல்லை! சரி, வாங்காமல் சேர்த்து வைக்கலாம் என்றால் எலி வந்து தின்றுவிடும். விளைச்சல் ஏக்கருக்கு 1 புஷலா 5 புஷலா என்பது அறுவடைக்குப் பிறகுதான் தெரியும். 1 என்று வந்தால் மொத்தமே 1300 புஷல், அதாவது 65 பேருக்குத்தான் சோறு. மீதிப் பேர்? ஒரே வருஷத்தில் 45 சதவீதத்துக்கு மேல் பட்டினியில் செத்தால் ராஜாவையே துரத்திவிடுவார்கள். ஆப்பர்சூனிட்டி காஸ்ட் என்று வகுப்பில் படித்ததை இவ்வளவு கொடூரமாக வேறு யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இதை எழுதியவர் யார்? டெக் நிறுவனத்தில் இருந்த டக் டைமென்ட் என்பவர் 1968ல் பிடிபி-8 கணினிக்காக எழுதினார். டேவிட் ஆல் அதை பேசிக் மொழிக்கு மாற்றி 1973ல் தன் விளையாட்டுத் தொகுப்புப் புத்தகத்தில் போட்டார். அங்கிருந்து எங்கும் பரவியது. கதை இத்தோடு முடிந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

டைமென்ட்டுக்கு இந்த யோசனை வந்ததே இன்னொரு விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான். அதன் பெயர் 'தி சுமேரியன் கேம்', வருஷம் 1964. எழுதியவர் மேபல் ஆடிஸ். நியூயார்க் மாநிலத்தில் கடோனா என்ற ஊரில் நாலாம் வகுப்பு டீச்சர்! ஐபிஎம் 7090 என்ற ராட்சசக் கணினியில் அதற்கு நிரல் எழுதியவர் வில்லியம் மெக்கே. அது வெறும் தானியக் கணக்கு இல்லை. லகாஷ் நகரத்தை அடுத்தடுத்து மூன்று ராஜாக்கள் ஆள்வார்கள். முதல்வர் காலத்தில் விவசாயம் மட்டும், பிறகு கைத்தொழில், வியாபாரம் என்று பாடம் வளரும். டைமென்ட் எழுதியது முதல் பகுதியைப் போன்ற சின்ன வடிவத்தைத்தான். கணக்கு பிழைத்தது, டீச்சரின் கதையும் பெயரும் வழியிலேயே விழுந்துவிட்டன. மூல நிரல் தொலைந்துபோய்விட்டது. சில அச்சுப் பிரதிகள்தான் மிச்சம். ஆடிஸ் 2004ல் இறந்தார். கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விழாவில் முன்னோடி விருது கொடுத்தது 2023ல். 19 வருஷம் லேட்.

இரண்டாவது தைபான். 1982ல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது (அதற்கு முன் டிஆர்எஸ்-80ல்). ஹாங்காங், ஷாங்காய், மணிலா, சிங்கப்பூர் என்று கப்பல் ஓட்டிப் பட்டும் ஆயுதமும் அபினும் விற்க வேண்டும். அபின் வியாபாரத்தை இப்படிச் சர்வசாதாரணமாக வைத்திருப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். இதில் ஹாங்காங்கில் வூ என்று ஒரு கந்துவட்டிக்காரர் இருக்கிறார். ஆப்பிள் பதிப்பில் ஒரு ஓட்டை: வாங்கிய கடனைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்தால் கடன் மைனஸில் போகும், வட்டி உங்களுக்குச் சேர ஆரம்பிக்கும். கந்துவட்டிக்காரரிடமே ஃபிக்சட் டெபாசிட்! ஹி ஹி.

மூன்றாவதுதான் என் செல்லம். ம்யூல், 1983. கோவேறு கழுதை என்று அர்த்தம். இராட்டா என்ற கிரகத்தில் நாலு பேர் குடியேறுகிறார்கள் (அட்டாரி என்பதை ஆங்கிலத்தில் திருப்பிப் படித்தால் இராட்டா). எந்திரக் கழுதை ஒன்றை வாங்கி நிலத்தில் நிறுத்தினால் உணவோ மின்சாரமோ தாதுவோ உற்பத்தி செய்யும். அட்டாரி 800ல் நாலு ஜாய்ஸ்டிக் சொருகலாம், ஆக நாலு பேரும் ஒரே திரை முன்னால்.

மாதா மாதம் ஏலம் நடக்கும். விற்பவர் திரையின் மேலே, வாங்குபவர் கீழே. விற்பவர் விலையைக் குறைக்கக் குறைக்க இறங்கி வருவார், வாங்குபவர் ஏற்றிக்கொண்டே மேலே போவார். இருவரும் சந்திக்கும் இடம்தான் விலை. எகனாமிக்ஸ் புத்தகத்தில் டிமாண்ட், சப்ளை என்று இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளுமே, அங்கே கோட்டுக்குப் பதில் ஆட்கள் நடக்கிறார்கள். ஒருத்தன் உணவைப் பதுக்கினால் மற்றவர்களுக்கு அடுத்த முறை வேலை நேரம் குறையும். தாதுவை எல்லோரும் பதுக்கினால் கடையில் கழுதை செய்ய ஆளில்லாத மாதிரி ஆகி விலை எகிறும். கடைசியில் தனித்தனி மார்க்கோடு மொத்தக் குடியேற்றத்துக்கும் ஒரு மார்க் உண்டு. நீங்கள் முதல் இடம், ஊர் திவால் என்றும் முடியலாம். இன்னொன்று, முதலில் இருப்பவருக்கு அதிர்ஷ்டம் அடிக்காது, கடைசியில் இருப்பவருக்குத் துரதிர்ஷ்டம் வராது. நிஜச் சந்தையில் இப்படி ஒரு விதி உண்டா என்று கேட்காதீர்கள்.

செய்தவர் டான் பன்டன், ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரத்துக்காரர். 1992க்குப் பிறகு பெண்ணாக, டேனியெல் பன்டன் பெர்ரி என்ற பெயரில் வாழ்ந்தவர். அவருடைய முதல் விளையாட்டான வீலர் டீலர்ஸ் (1978) சுமார் 50 பிரதிதான் விற்றது. ம்யூல் சுமார் 30,000. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கல்லா நிரம்பவில்லை. பிறகு சேகா ஜெனசிஸ் கருவிக்கு ம்யூலைக் கொண்டுவரப் பேச்சு வந்தது. வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் துப்பாக்கியும் வெடிகுண்டும் வேண்டும் என்றது. அவர் முடியாது என்றுவிட்டார். அந்தப் பதிப்பு வரவேயில்லை. 1998ல் புற்றுநோயால் இறந்தார். 2000ல் வந்து கோடிகளை அள்ளிய தி சிம்ஸ் விளையாட்டை வில் ரைட் இவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

ஹமுராபியை இப்போது உலாவியிலேயே ஆடலாம், பத்து நிமிஷம் போதும். ம்யூலுக்கு நாலு பேர் வேண்டும். செமஸ்டர் முடிந்ததும் யாராவது மூணு பேர் சொல்லுங்கள். மின்சாரம் நான் விற்கிறேன், பேரம் பேசக் கூடாது.