ஆவலை விற்ற வியாபாரி

1920-களில் சென்னையில் அச்சான தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய பிரதிகளைப் புரட்டுகிறவர்கள், கதை கட்டுரைகளை விட விளம்பரப் பக்கங்களிலேதான் அதிக நேரம் தங்கிவிடுவார்கள். கூந்தல் தைலம், தாதுபுஷ்டி லேகியம், கைக்கடிகாரம், சோதிட நூல் முதலிய சகல வஸ்துக்களும், ஒரு கார்டு எழுதிப் போட்டால் வி.பி.பி. மூலம் வீடு தேடி வரும் என்று அங்கே வாக்களிக்கப்பட்டிருக்கும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்த பிறகே பார்சலைப் பிரிக்க முடியும் ஆதலால், தொட்டுப் பார்த்தோ, முகர்ந்து பார்த்தோ, கடைக்காரரோடு பேரம் பேசியோ தீர்மானிக்க அந்த வியாபாரத்தில் இடமில்லை. நாலைந்து வரிகளையும், கூடவே ஒரு சிறு பிளாக் படம் இருந்தால் அதையும் நம்பித்தான் மதுரையிலோ மன்னார்குடியிலோ இருந்த ஒருவர் கார்டு எழுதினார். உண்மையில் அங்கே முதலில் விலைபோனது பொருளன்று. பொருளைப் பற்றி மூட்டிவிடப்பட்ட ஆவலே.

இந்தப் பள்ளிக்கூடத்தில் பயின்று வெளிவந்தவர்தாம் எஸ். எஸ். வாசன். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயாரோடு சென்னைக்கு வந்து, படிப்பைப் பாதியில் விட்டு ஜீவனோபாயம் தேடிய அவர், தபால் மூலம் சாமான் விற்பதையும் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுப்பதையும் தொழிலாகக் கொண்டிருந்தார். பூதூர் வைத்தியநாதய்யர் 1926-இல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' என்னும் மாதப் பத்திரிகையும் அவர் விளம்பரம் கொடுத்துவந்த பத்திரிகைகளுள் ஒன்று. ஒரு கட்டத்தில் இதழ் வராமல் நின்றுவிடவே, காரணம் விசாரிக்கப் போன இடத்தில், நடத்த முடியவில்லை என்று ஐயர் சொல்ல, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து, 1928-இல் பெயரோடு பத்திரிகையையே வாங்கிக்கொண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. கணக்கின் வேடிக்கையை ரசிப்பவர்கள் அதன் உட்பொருளைக் கவனிப்பதில்லை. நின்றுபோன பத்திரிகைக்குச் சொத்து என்று வேறு என்ன இருந்தது? பெயருக்கு விலை உண்டு, அந்த விலையை எழுத்தெண்ணிக் கொடுக்கலாம் என்று எண்ணுகிற மனம் விளம்பரக்காரனுடைய மனமேயன்றி இலக்கியகர்த்தாவினுடையது அல்ல.

விகடன் அவர் கையில் வளர்ந்த விதத்தை விவரிக்கப் புகுந்தால் அது தனி நூலாகும். ரொக்கப் பரிசுகளோடு அவர் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் பத்திரிகையின் விற்பனையை மளமளவென்று உயர்த்தின; அது சூதாட்டத்துக்குச் சமானம் என்று கண்டித்தவர்களும் உண்டு. அந்தக் கண்டனத்தை முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எனினும், பத்திரிகை வாங்குகிறவனுக்கு இந்த இதழில் கிடைக்கும் திருப்தி மட்டும் போதாது, அடுத்த இதழுக்காக அவன் வாசலில் நின்று காத்திருக்கவும் வேண்டும் என்ற ரகசியத்தை அவர் கண்டுகொண்டிருந்தார் என்பதில் சந்தேகமில்லை. கல்கியின் தொடர்கதைகள் அதே காரியத்தை உயர்ந்த முறையில் செய்தன. கல்கியின் 'தியாக பூமி' விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே டைரக்டர் கே. சுப்ரமண்யம் அதைப் படமாக எடுத்துவந்தார். ஓவியர் எழுதும் சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளையே புகைப்படங்களாகக் கதையோடு அச்சிட்டார்கள். வாரந்தோறும் கதை படித்தவர்கள் தங்களை அறியாமலே படத்தையும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 1939-இல் படம் கொட்டகைக்கு வந்தபோது கதாநாயகியின் முகம் அவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. விளம்பரம் என்ற பலகை எங்கும் மாட்டப்படாமலே நடந்த விளம்பரம் அது. என் அபிப்பிராயத்தில், அக்காலத்துத் தமிழ்நாட்டு யுக்திகளுள் இதற்கு ஈடானது வேறொன்றில்லை.

1941-இல் தீவிபத்துக்குள்ளான ஒரு ஸ்டூடியோவை வாங்கி அதற்கு ஜெமினி என்று பெயர் சூட்டினார் வாசன். (இரட்டைக் குழந்தைகள் ஊதுகுழல் ஊதுவதாக அமைந்த அதன் சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம், தம் பூர்விகத் தொழிலை அவர் மறைக்க விரும்பவில்லை என்று எனக்குத் தோன்றும்.) 'பாலநாகம்மா', 'மங்கம்மா சபதம்' ஆகிய இரு படங்களும் வெற்றியடைந்த பின்னர், அடுத்த படம் 'சந்திரலேகா' என்று பலமாக விளம்பரம் செய்தார். இதில் விசேஷம் என்னவென்றால், அப்போது அவரிடம் கதையே இல்லை. தம் கதை இலாகாவினர் சொல்லி, தாம் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு கதையில் வந்த துணிச்சல்காரப் பெண்ணின் பெயர் மட்டுமே இருந்தது. அந்தப் பெயரின் ஓசை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. பெயர் ஊர் முழுவதும் பரவிய பிறகு, அதற்கேற்ற கதையைத் தேடி அந்த இலாகாவினர் புத்தகங்களைத் துருவ நேர்ந்தது. கடைசியில் வேப்பத்தூர் கிட்டு, ரெய்னால்ட்ஸ் எழுதிய 'ராபர்ட் மெக்கேர்' என்ற ஆங்கில நாவலின் ஆரம்பக் காட்சியிலிருந்து ஓர் இழையைப் பிடித்துக் கொடுக்க, அதிலிருந்து கதை கிளைத்தது.

இதைத் துணிவென்பதா, அகங்காரமென்பதா? வி.பி.பி. வியாபாரத்தை நினைவில் வைத்துப் பார்த்தால் இரண்டுமல்ல என்றே சொல்வேன். பார்சல் போய்ச் சேருமுன் சொல் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பது அங்கே சாதாரண நியதி; ஆனால் பார்சலைப் பிரித்தவன் ஏமாந்தால் மறுமுறை கார்டு எழுதமாட்டான் என்பதும் அதே நியதியின் மறுபாதி. ஊரறியச் சொன்ன சொல்லே அவருக்குக் கடனாக வந்து நின்றது. வருஷங்கள் செல்லச் செல்ல எதிர்பார்ப்பும் வட்டிபோல் ஏறியது. அதற்கு ஈடுகட்டப் படத்தில் சர்க்கஸ் புகுந்தது, யானைகள் புகுந்தன, ராட்சத முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கான நர்த்தகிகள் ஆடுகிற காட்சி புகுந்தது. டி. ஜி. ராகவாச்சாரி டைரக்ட் செய்யத் தொடங்கியிருந்த படத்தை நடுவில் வாசனே ஏற்றுக்கொண்டார். பொருளின் அளவைப் பார்த்து விளம்பரத்தைத் தைப்பதற்கு மாறாக, தைத்து வைத்த சட்டைக்குத் தக்கபடி ஆளை வளர்த்த விந்தையை இங்கேதான் பார்க்கிறோம்.

1948 ஏப்ரல் 9-ஆம் தேதி தமிழ்ப் படம் வெளிவந்தது. சுமார் 30 லட்சம் ரூபாய் விழுங்கிய செலவைத் தமிழ் ரசிகர்களின் டிக்கெட்டுக் காசு மாத்திரம் ஈடுசெய்யவில்லை. வேறொருவராயிருந்தால் கணக்கை மூடியிருப்பார். வாசனோ சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்து, அவ்வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி ஹிந்தியில் வெளியிட்டார். டி. ஆர். ராஜகுமாரியும் எம். கே. ராதாவும் வடநாட்டாருக்குப் பரிச்சயமற்றவர்கள். ஆகவே நட்சத்திரங்களின் பெயரைச் சொல்லிக் கூவுவதில் பிரயோஜனமில்லை. காட்சிகளின் பிரம்மாண்டத்தையே முன்னிறுத்தி, அதுவரை தென்னாட்டுப் படம் எதற்கும் வடக்கே நடந்திராத அளவில் பிரசாரம் செய்தார். படம் அங்கே பெருவெற்றி பெற்றது, 'நிஷான்', 'மங்களா', 'சன்சார்' என்று ஜெமினியின் ஹிந்திப் படங்கள் தொடர்ந்து சென்றன, 1951-இல் ஏ.வி.எம். நிறுவனத்தாரும் தங்கள் 'வாழ்க்கை' படத்தை 'பஹார்' ஆக்கி அதே வழியில் வடக்கே அனுப்பினார்கள்.