பண்டிகை நேர டென்ஷனை உடற்பயிற்சி குறைக்குமா? ஷிஃப்ட் முடிந்து வரும் ஆம்பூர் தொழிலாளிக்கு 10 நிமிட வழி!

தீபாவளி நெருங்கிவிட்டால் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேன்களில் பேச்சே மாறிவிடும். போனஸ் எப்போ வரும், எவ்வளவு வரும், அதில் துணிக்கு எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு, மகளுக்குத் தலை தீபாவளி என்றால் சீருக்கு எவ்வளவு என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போனால் சுத்தம் செய்யும் வேலை, பலகாரம், விருந்தாளிகள். காலையில் மறுபடியும் வேன்.

இந்த நேரத்தில் போய் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றால் சிரிப்புதான் வரும். "நாள் முழுக்க மெஷின்ல உழைக்கிறோமே, அதுவே எக்சர்சைஸ் இல்லையா?" என்ற கேள்வியும் வரும்.

நியாயமான கேள்வி. ஆனால் பதில், "இல்லை" என்பதுதான். ஏன் இல்லை? பண்டிகை நேரத்தில் எவ்வளவு செய்தால் போதும்? நேரமே இல்லாதவர் என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பண்டிகை வந்தால் டென்ஷன் ஏன் கூடுகிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனத் தோல் தொழிலை நம்பியிருக்கும் ஊர்களில் பண்டிகை என்பது மகிழ்ச்சியோடு சேர்ந்து வரும் கணக்கு வழக்கும்கூட. சட்டப்படி, தகுதியுள்ள தொழிலாளிக்குக் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவிகிதம், அதிகபட்சம் 20 சதவிகிதம். இந்த இரண்டுக்கும் நடுவில் எது கையில் வரும் என்பதைப் பொறுத்தே பல வீடுகளின் தீபாவளி பட்ஜெட் அமையும்.

இதோடு ஆர்டர் கவலையும் உண்டு. ஷூ வெளிநாட்டுக்குப் போக வேண்டிய தேதி நெருங்கினால் ஓவர்டைம் வரும். ஆர்டர் குறைந்தால் வேலை நாள் குறையுமோ என்ற பயம் வரும். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவிகிதமாக உயர்த்தியபோது, ஏற்றுமதியை நம்பிய தோல் தொழில் ஊர்களில் அந்தப் பயம் நேரடியாகவே தெரிந்தது.

தீபாவளி மட்டும் அல்ல. ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ், பொங்கல் என எந்தப் பண்டிகையை எடுத்தாலும் செலவு, சமையல், தூக்கக் குறைவு மூன்றும் கூடவே வருகின்றன. இதில் பெரும்பங்கு பெண்களின் தலையில்தான் விழுகிறது.

அப்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மனதுக்கு நெருக்கடி வந்தால் உடல் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கழுத்தும் தோளும் இறுகும். ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு செய்யும் ஏற்பாடு இது.

ஆனால் கடன் தவணையைப் பார்த்து ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே பதற்றம் தங்கிவிடுகிறது. இரவு படுத்தாலும் தூக்கம் வராது. தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல். அந்த எரிச்சல் பிள்ளைகள் மேல் போய் விழும்.

வேகமாக நடக்கும்போது, உடம்பு செய்து வைத்த அந்த ஏற்பாட்டுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. நடை முடிந்ததும் இதயத் துடிப்பு மெல்ல இறங்கும், இறுகிய தசைகள் தளரும். தொடர்ந்து செய்துவந்தால் தூக்கமும் சீராகும். மூளையில் மனநிலையை மேம்படுத்தும் வேதிப்பொருட்கள் கூடுவதும் இதற்கு ஒரு காரணம்.

2024-ல் பிரிட்டனின் பிஎம்ஜே மருத்துவ இதழில், 14,170 பேர் பங்கேற்ற 218 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளியானது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நடை, மெதுவோட்டம், யோகா, தசைப் பயிற்சி ஆகியவை நல்ல பலன் தருவதாக அது சொன்னது. பண்டிகை டென்ஷனும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. ஆனால் உடம்பை அசைப்பது மனதுக்கு உதவுகிறது என்பதற்கு இது வலுவான சான்று.

"கம்பெனி வேலையே எக்சர்சைஸ்தானே?"

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைவாக இருந்தது. ஆனால் வேலையில் கடுமையாக உழைப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதலாகவே இருந்தது. உழைப்பு ஒன்றுதான், பலன் மட்டும் எதிர்த்திசையில் போகிறது.

இது எப்படி? ஸ்டிச்சிங் பிரிவில் வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து குனிந்தே இருக்கும். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். கால் அசையாது. கட்டிங், லாஸ்டிங் பிரிவுகளில் இருப்பவர்களுக்கு நாள் முழுக்க நிற்கும் வேலை. சில தசைகள் ஓய்வே இல்லாமல் உழைக்கின்றன, மற்றவை தூங்குகின்றன. இதயமும் நுரையீரலும் நன்றாக வேலை செய்யும் அளவுக்கு வேகமும் இல்லை. எப்போது நிறுத்துவது என்பதும் நம் கையில் இல்லை.

உடற்பயிற்சி இதற்கு நேர் எதிர். குறைந்த நேரம், உடம்பு முழுக்க அசைவு, பிறகு ஓய்வு. வேகம் நம் விருப்பம். அதனால் வேலைக் களைப்பை உடற்பயிற்சிக் கணக்கில் எழுத முடியாது.

எவ்வளவு செய்தால் போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி தேவை. மிதமானது என்றால், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. அந்த வேகம்தான்.

இந்தியாவில் 2022 கணக்குப்படி, பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த அளவை எட்டவில்லை. ஆண்களில் 42 சதவிகிதம், பெண்களில் 57 சதவிகிதம்.

150 என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 10 நிமிடம் வீதம் இரண்டு முறை நடந்தால் வாரத்துக்கு 140 நிமிடம் ஆகிவிடும். ஒரேயடியாகச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அந்த வழிகாட்டுதல் சொல்லும் இன்னொரு விஷயம், கொஞ்சம் செய்தாலும் ஒன்றுமே செய்யாததைவிட மேல்.

நேரமே இல்லை, எப்போ செய்வது?

* வேனுக்கு முன்: வேன் வரும் இடத்துக்கு 10 நிமிடம் முன்னதாகக் கிளம்பி, தெருவை ஒரு சுற்று சுற்றி வரலாம். பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கலாம்.
* உட்கார்ந்து தைப்பவர்கள்: சாப்பாட்டு இடைவேளையில் ஐந்து நிமிடம் நடங்கள். தோளை முன்னும் பின்னும் 10 முறை சுழற்றுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள்.
* நின்று வேலை செய்பவர்கள்: இடைவேளையில் முதலில் உட்காருங்கள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 15 முறை உயர்த்தி இறக்குங்கள். காலில் தேங்கும் ரத்தம் மேலேற இது உதவும்.
* வீட்டில் ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்கள்: தரையில் உட்கார்ந்தே மணிக்கணக்கில் வேலை செய்தால் இடுப்பும் முழங்காலும் இறுகிவிடும். ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் எழுந்து, வாசல் வரை போய் வாருங்கள். போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.
* ஜவுளி, மளிகைக் கடை ஊழியர்கள்: பண்டிகை நேரத்தில் நிற்கும் நேரம் இன்னும் கூடும். தமிழ்நாட்டில் 2021-ல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வசதி தர வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை.

எங்கே நடப்பது?

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4-ம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்பதுதான் இதன் அடிப்படை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே மருத்துவ முகாம் நடத்துவதும் திட்டத்தில் உண்டு.

அந்தப் பாதை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இல்லையென்றால், அதற்காகப் பஸ் ஏற வேண்டியதில்லை. பள்ளி மைதானம், வண்டி அதிகம் போகாத உள்தெரு, மொட்டை மாடி எதுவும் போதும். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் நடக்க வேண்டாம். அதிகாலையிலும் இருட்டிய பிறகும் லாரிகளின் வேகம் ஆபத்தானது, புகையும் அதிகம்.

தீபாவளி சமயத்தில் மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றித் தூக்கி வைத்தாலும் நடைதான். தனியாகப் போகத் தயங்கும் பெண்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணை இருந்தால் பாதுகாப்பு, பழக்கமும் விட்டுப்போகாது.

பண்டிகை நாளன்று என்ன செய்யலாம்?

அன்றைக்கு முழுப் பயிற்சியும் செய்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். இரண்டு வாரம் விட்ட பழக்கத்தை மறுபடி பிடிப்பதுதான் கஷ்டம். 20 நிமிடத்தை 10 ஆகக் குறையுங்கள், பூஜ்யம் ஆக்காதீர்கள்.

பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் உடம்பு கனக்கும். சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் மெதுவாக நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறுவது குறையும். வந்த விருந்தாளியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேசிக்கொண்டே நடந்துவிடலாம்.

தீபாவளியன்று நடக்கும் நேரத்தை மட்டும் பார்த்து வையுங்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசு வெடிக்க அரசு அனுமதித்து வரும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அந்த நேரத்திலும், புகை அடங்கும் வரையிலும் வெளியே நடை வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று வீட்டுக்குள்ளேயே செய்வது நல்லது.

ரம்ஜான் நோன்பு வைப்பவர்கள் பகல் வெயிலில் கடினமான பயிற்சியைத் தவிர்க்கலாம். நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, சற்று நேரம் கழித்து மெதுவாக நடப்பது உடம்புக்கு இதமாக இருக்கும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல் வந்தால் உடனே நிறுத்தி, மருத்துவ உதவி பெறுங்கள்.

ஓவர்டைம் முடிந்து தூக்கமே இல்லாமல் இருக்கும் நாளில் பயிற்சியைவிடத் தூக்கம்தான் முக்கியம். அன்றைக்கு ஐந்து நிமிடம் கை காலை நீட்டி மடக்கிவிட்டுப் படுத்துவிடுங்கள்.

வாக்கிங் போனால் கடன் தீருமா?

தீராது. வட்டியை வாக்கிங் குறைக்காது, போனஸையும் கூட்டாது. ஆனால் நிதானம் இழந்த மனதோடு எடுக்கும் முடிவுதான், மீட்டர் வட்டிக்காரர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். இரவு நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கு, 'இந்த வருஷம் இவ்வளவுதான் முடியும்' என்று வீட்டில் சொல்வதற்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும்.

குடும்பத்தினருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வந்து சமைக்கும் அம்மாவிடம், "நீங்களும் வாக்கிங் போங்கம்மா" என்று சொல்வது அட்வைஸ் மட்டும்தான். அந்த 20 நிமிடம் பாத்திரத்தை யாராவது கழுவினால்தான் அது உதவி.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் நடைப்பயிற்சி மட்டும் போதாது. மத்திய அரசின் டெலி மனாஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் உதவி எண் 104. இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம், அப்போதே கூப்பிடுங்கள்.

மற்றவர்கள் இன்றே தொடங்கலாம். புது ஷூ வேண்டாம், ஜிம் வேண்டாம். வேன் வருவதற்கு முன் ஒரு 10 நிமிடம், ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு 10 நிமிடம். ஊருக்கெல்லாம் ஷூ தைத்துத் தரும் கால்கள், தங்களுக்காகவும் கொஞ்சம் நடக்கட்டும்.