ராமமூர்த்தி ரமேஷ்

ராமமூர்த்தி ரமேஷ் (பி. 1960), ஆக்சைடு மென்படலங்களையும் அவை மற்றப் பொருள்களோடு சேரும் இடைமுகங்களையும் ஆராய்ந்துவரும் அமெரிக்க அறிவியலாளர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1980இல் வேதியியல் பட்டமும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1983இல் உலோகவியல் பட்டமும் பெற்றார். 1987இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவரானார். அங்கே பேராசிரியர் கேரத் தாமஸிடம் கற்ற எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கலை பின்னாளில் பெரிதும் கைகொடுத்தது. ஒரு படலம் எங்கே பழுதுபடுகிறது என்பதை அணு வரிசை அளவில் பார்த்தறியும் பழக்கம் அங்கிருந்து வந்ததே.

1989இல் நியூ ஜெர்சியின் பெல்கோர் ஆய்வகத்தில் சேர்ந்தார். உயர்வெப்பநிலை மீக்கடத்திகளின் பரபரப்பு அடங்காத காலம் அது. தி. வெங்கடேசன் குழுவினர் லேசர் துடிப்பால் பொருளை ஆவியாக்கிப் படலமாகப் படியவைக்கும் முறையை அங்கே செம்மைப்படுத்தியிருந்தனர். ரமேஷ் அதே கருவியை ஃபெர்ரோமின் பொருள்களுக்குத் திருப்பினார். மின்புலம் கொடுத்தால் இவற்றின் மின்முனைவு (நேர், எதிர் மின்சுமைகள் விலகி நிற்கும் நிலை) ஒரு பக்கம் சாயும்; புலத்தை நீக்கினாலும் அப்படியே நிற்கும்; எதிர்ப்புலம் கொடுத்தால் மறுபக்கம் புரளும். மின்சாரம் நின்றாலும் தகவலை மறக்காத நினைவகத்துக்கு இதைவிடப் பொருத்தமான குணம் அரிது.

தடை இருந்தது. காரீய சிர்கோனேட் டைட்டனேட் (பி.இசட்.டி.) படலத்துக்கு பிளாட்டினம் மின்முனை வைத்தால், பத்து இலட்சம் முதல் பத்துக் கோடி முறை புரண்டதும் அது சோர்ந்துபோகும். ஆக்சிஜன் விட்டுப்போன காலியிடங்கள் உலோகத்தை ஒட்டிய எல்லையில் சேர்ந்து, மின்முனைவு புரளாதபடி பூட்டிவிடுகின்றன என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். ரமேஷ் குழு பிளாட்டினத்தை எடுத்துவிட்டு, மின்சாரம் கடத்தும் ஆக்சைடையே மின்முனையாக வைத்தது. முதலில் மீக்கடத்தியான இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு. பின்னர் லாந்தனம் ஸ்ட்ரான்சியம் கோபால்ட் ஆக்சைடு. படிக அமைப்பு இசைந்தது. காலியிடங்களை ஆக்சைடு மின்முனையே ஏற்றுக்கொண்டது. சோர்வு பெருமளவு நீங்கியது. கொலராடோவில் கார்லோஸ் பாஸ் டி அராஜோ குழு நேர்மாறான வழியில் சென்று, பிளாட்டினத்தை வைத்துக்கொண்டு ஃபெர்ரோமின் பொருளை மாற்றியது. இரண்டும் பலித்தன. ஆயினும் நோய் எல்லையில்தான் இருக்கிறது என்று காட்டியதில் ரமேஷின் பங்கு முதன்மையானது.

1995இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கும் 2004இல் பெர்க்லிக்கும் சென்றார். இடையில், 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பிஸ்மத் ஃபெரைட் கட்டுரை அவர் பெயரை உலகறியச் செய்தது. மின்முனைவும் காந்த ஒழுங்கும் அறை வெப்பநிலையிலேயே ஒன்றாக இருக்கும் அரிய பொருள் அது. பழைய மாதிரிகளில் சதுர சென்டிமீட்டருக்கு 6 மைக்ரோகூலோம் அளவே காணப்பட்ட மின்முனைவு, இப்படலத்தில் 50ஐத் தாண்டியது. கட்டுரை முழுவதும் அப்படியே நிலைக்கவில்லை. அதில் கூறிய மிகுந்த காந்தத்தன்மையை 2005இல் பிற ஆய்வாளர்கள் மறுத்தனர். மின்முனைவின் உயர்வுக்குப் படலத்தின் இறுக்கம் காரணமல்ல, பழைய மாதிரிகளின் தரக்குறைவே காரணம் என்பதும் தூய ஒற்றைப் படிகங்கள் கிடைத்தபின் தெளிந்தது. ஆனால் உயர்ந்த மின்முனைவு உண்மை. பல நாட்டு ஆய்வகங்களை இத்துறைக்கு இழுத்ததும் அதுவே. 2004இலேயே ரமேஷ் குழுவினர் இப்படலத்தை சிலிக்கான்மீது ஒழுங்காக வளர்த்தும் காட்டினர். காற்றுப்பட்டதும் ஆக்சைடாகும் சிலிக்கான் பரப்பில் இது எளிதன்று. நடுவே ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் அடுக்கு தேவைப்பட்டது.

இடைமுகம் என்பது இரு பொருள்களுக்கு நடுவே மட்டும் இருப்பதல்ல. மின்முனைவின் திசை மாறும் களச் சுவர்கள் பொருளுக்குள்ளேயே உள்ளவை, சில நானோமீட்டர் தடிமனே கொண்டவை. கடத்தாப் பொருளான பிஸ்மத் ஃபெரைட்டில் அச்சுவர்கள் வழியே மின்னோட்டம் செல்வதை 2009இல் ரமேஷ் குழு கண்டது.

2010 முதல் 2012 வரை அமெரிக்க எரிசக்தித் துறையில் பணியாற்றியபோது ‘சன்ஷாட்’ திட்டத்தை உருவாக்கி நடத்தினார். சூரிய மின்சாரத்தை மானியமின்றி விலைபோகச் செய்வது அதன் நோக்கம். பெருநிலையங்களுக்கு 2020க்கென வைத்த விலை இலக்கு 2017இலேயே எட்டப்பட்டது. 2020இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 2022இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சித் துணைத் தலைவரானார்.

இப்பணிகளுக்கிடையே ஆய்வும் தொடர்ந்தது. பிஸ்மத் ஃபெரைட்டோடு ஒட்டிய காந்தப் படலத்தின் காந்தத் திசையை, மின்னழுத்தம் கொண்டே முழுதும் திருப்பலாம் என்று 2014இல் ‘நேச்சர்’ இதழில் ரமேஷ் குழுவினர் காட்டினர். இதை அடியாகக் கொண்டு இன்டெல் நிறுவனத்தாரோடு சேர்ந்து புதுவகைத் தருக்கச் சுற்றொன்றை முன்மொழிந்தனர், 0.1 வோல்ட்டில் இயங்கச் செய்வது இலக்கு. லாந்தனம் கலந்து படலத்தை மெலிதாக்கியதில் 2020வாக்கில் 0.2 வோல்ட் வரை இறங்க முடிந்தது.