சட்டையில் ஒட்டிய பஞ்சு: ஆவணங்களைச் சரிபார்க்கும் நிரல்களின் கதை

1971-ம் ஆண்டின் பிற்பாதி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்ற ஊரில் இருக்கும் பெல் ஆய்வுக்கூடம். அங்கே மூன்று தட்டச்சர்கள் நாள் முழுக்கக் கணினி முனையங்களின் முன்னால் உட்கார்ந்து காப்புரிமை விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த விண்ணப்பங்களுக்குக் கெடுபிடியான ஒரு வடிவம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் வரிகளுக்கு எண் போட வேண்டும். அதைச் செய்து தரத் தயாராக இருந்த கருவி, பிடிபி-11 என்ற கணினியில் ஓடிய 'ராஃப்' என்ற நிரல்.

அந்தக் கணினியில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது. வட்டின் கொள்ளளவு வெறும் அரை மெகாபைட். பக்கத்து முனையத்தில் கென் தாம்சனோ டென்னிஸ் ரிட்சியோ ஒரு புது நிரலைச் சோதித்துப் பார்த்து அது சொதப்பினால், தட்டச்சர்களின் வேலையும் சேர்ந்து போய்விடும். அவர்கள் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த இயங்குதளத்தின் பெயர் யூனிக்ஸ்!

உலகத்தையே மாற்றிய யூனிக்ஸுக்குக் கணினி வாங்கப் பணம் கிடைத்ததே, "ஆவணம் தயாரிக்க ஒரு அமைப்பு செய்து தருகிறோம்" என்று சொன்னதால்தான். ஆவணத்தின் வடிவத்தைக் கணினி கவனித்துக்கொள்ளட்டும் என்ற யோசனை, நிரல்களுக்கு வந்த பிறகு ஆவணங்களுக்கு வந்ததல்ல. கிட்டத்தட்ட தலைகீழ்.

முதலில் எழுத்துப்பிழை, பிறகுதான் நிரல்பிழை

இன்று மென்பொருள் உலகில் 'லின்ட்' என்றால், நிரலை ஓட்டாமலேயே படித்துப் பார்த்துக் குறை சொல்லும் கருவி. கம்பளிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துணுக்குக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சட்டை கிழியவில்லை, போட்டுக்கொள்ளலாம். ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கும். அப்படிப்பட்ட துணுக்குகளைப் பொறுக்கி எடுப்பதற்காக பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் சி மொழிக்காக எழுதிய நிரல் அது.

அதே ஜான்சன் 1975-ல், ஒரே பிற்பகலில், இன்னொரு நிரல் எழுதியிருந்தார். அதன் பெயர் 'ஸ்பெல்'. ஆவணத்தில் உள்ள சொற்களைப் பிரித்து, அகராதியோடு ஒப்பிட்டு, இல்லாதவற்றைப் பட்டியல் போடும் எழுத்துப்பிழை திருத்தி. பிறகு டக் மெக்கில்ராய் அதை மாற்றி எழுதி, 30,000 சொற்களை 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அடக்கிக் காட்டினார். இதே காலகட்டத்தில் லொரிண்டா செர்ரியும் ராபர்ட் மோரிஸும் 'டைப்போ' என்ற நிரலை எழுதினார்கள். அதற்குள் மூன்று மூன்று எழுத்துகளாகச் சேர்ந்து வரும் கணக்குதான் முக்கியம். ஓர் ஆவணத்தில் அபூர்வமாக வரும் எழுத்துக் கூட்டணி எந்தச் சொல்லில் இருக்கிறதோ, அந்தச் சொல்லில் சந்தேகப்படு என்பது அதன் கொள்கை.

ஆக, இயந்திரம் முதலில் குறை சொல்லக் கற்றது மனிதர் எழுதிய கட்டுரைகளில். நிரலில் குறை சொன்னது மூன்று வருடம் கழித்து.

ஜான்சனின் லின்ட்டில் கவனிக்க வேண்டிய ஒரு முடிவு உண்டு. அதை அவர் கம்பைலருக்குள் வைக்கவில்லை, தனி நிரலாக வைத்தார். கம்பைலரின் வேலை நிரலை வேகமாக ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது. லின்ட்டின் வேலை நிதானமாக முழுவதையும் பார்த்துச் சந்தேகங்களைச் சொல்வது. குறை சொல்வதும் வேலையை நிறுத்துவதும் இரண்டு வேறு அதிகாரங்கள் என்பது இதில் அடங்கியிருக்கிறது. இதை மறந்தவர்கள் பின்னால் என்ன பாடுபட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் மீதிப் பாதி.

எழுத்தாளரின் பட்டறை

1970-களின் கடைசியில் லொரிண்டா செர்ரி 'ஸ்டைல்', 'டிக்‌ஷன்' என்று இரண்டு நிரல்கள் எழுதினார். முதலாவது வாக்கியங்களின் நீளம், செயப்பாட்டு வினைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து, படிக்க எளிதா கடினமா என்று மதிப்பெண் போடும். இரண்டாவது, சுற்றி வளைக்கும் சொற்றொடர்களைக் கோடிட்டுக் காட்டும். நீனா மெக்டொனால்டு முதலியோர் இவற்றோடு வேறு கருவிகளையும் சேர்த்து 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' என்ற தொகுப்பாக்கினார்கள். 1980-களின் தொடக்கத்தில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தர இதைப் பயன்படுத்தியது.

பிறகு ஏன் இந்த வழக்கம் நிரலாளர்களிடையே மங்கிப்போனது? காரணம் எளிது. இந்தக் கருவிகளுக்கு வெறும் உரைக்கோப்பு வேண்டும். ஆனால் பல நிறுவனங்களில் கையேடுகள் வேர்டு போன்ற மென்பொருள்களுக்குள் போய்விட்டன. நிரல் ஓரிடம், அதைப் பற்றிய விளக்கம் வேறிடம். நிரல் மாறும், விளக்கம் மாறாது.

திரும்பி வந்த உரைக்கோப்பு

1990-களின் நடுவில் ஜாவா மொழியோடு 'ஜாவாடாக்' வந்தது. நிரலுக்குள் எழுதும் குறிப்புகளிலிருந்தே இணையப் பக்கங்களை உருவாக்கியது. 2001-ல் பைத்தான் மொழிக்கு, இத்தகைய குறிப்புகளை எப்படி எழுத வேண்டும் என்று டேவிட் குட்ஜரும் கைடோ வான் ரோஸமும் 'பெப் 257' என்ற வழிகாட்டியை எழுதினார்கள். 2004-ல் ஜான் க்ரூபர் 'மார்க்டவுன்' என்ற எளிய எழுத்துமுறையை வெளியிட்டார். அதன் வடிவமைப்பில் அவருக்கு யோசனை சொன்னவர்களில் ஒருவர் அப்போது 17 வயதான ஏரன் ஸ்வார்ட்ஸ்.

மார்க்டவுன் எளிமையானது. அதுவே அதன் சிக்கல். க்ரூபர் தந்தது ஒரு விளக்கமும் பெர்ல் மொழியில் ஒரு நிரலும் மட்டும். சந்தேகம் வரும் இடங்களில் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றியபடி நிரல் எழுதிக்கொண்டார்கள். தலைப்பு எழுத '#' குறி போட வேண்டும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி வேண்டுமா? க்ரூபரின் நிரலுக்கு வேண்டியதில்லை. 2014-ல் ஜான் மெக்ஃபார்லேன், ஜெஃப் அட்வுட் முதலியோர் கொண்டுவந்த 'காமன்மார்க்' விதிமுறைப்படி கட்டாயம் வேண்டும்.

ஒரு இடைவெளிதானே என்று தோன்றலாம். 2017-ல் கிட்ஹப் தளம் காமன்மார்க்கைப் பின்பற்றும் முறைக்கு மாறியது. பயனர்கள் தளத்தில் எழுதிய கருத்துகளைத் தளமே பார்த்துத் திருத்தியது. ஆனால் திட்டங்களுக்குள் இருக்கும் கோப்புகள் அவற்றின் சொந்தக்காரர்களுடையவை. அவற்றில் கைவைக்க முடியாது. இடைவெளி விடாமல் எழுதப்பட்டிருந்த அறிமுகக் கோப்புகளில் தலைப்புகள் தலைப்பாகத் தெரியாமல், '#' குறியோடு வெறும் வரிகளாக நின்றன. எழுதியவர் எதையும் மாற்றவில்லை. நேற்றுவரை சரியாகத் தெரிந்தது இன்று உடைந்திருந்தது.

'மார்க்டவுன்லின்ட்' போன்ற கருவிகள் இந்த மாதிரி இடங்களில்தான் உதவுகின்றன. அதன் விதிகளுக்கு எண் உண்டு. 18-ம் விதி, '#' குறிக்குப் பின் இடைவெளி இல்லையென்றால் சொல்லும். முதல் விதி, தலைப்பு நிலைகளில் படி தாண்டக் கூடாது என்கிறது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாகப் படிக்கும்போது தலைப்புகளைப் பிடித்துத்தான் பக்கத்துக்குள் நகர்கிறார்கள். நடுவில் ஒரு படி இல்லையென்றால் தடுமாற்றம்தான். 9-ம் விதி, வரிக்கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் வெற்றிடங்களைப் பற்றியது. மார்க்டவுனில் வரிக்கடைசியில் இரண்டு வெற்றிடம் விட்டால் வரி முறியும் என்பதால், இதுவும் வெறும் அழகுப் பிரச்சினை அல்ல.

எல்லா விதிக்கும் இப்படிப் பலமான நியாயம் உண்டு என்று சொல்ல முடியாது. 13-ம் விதி, வரி 80 எழுத்துக்கு மேல் போனால் முறையிடும். 80 என்ற எண் 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த துளையட்டையின் 80 பத்திகளிலிருந்து வழிவழியாக வந்தது. அட்டை போய்விட்டது, எண் இருக்கிறது!

விதி சட்டமானால்

2014 மார்ச்சில் ஜாவா 8 வெளிவந்தது. ஜாவாடாக் கருவியோடு 'டாக்லின்ட்' என்ற சரிபார்ப்பு, கேட்காமலேயே இயங்கும்படி சேர்க்கப்பட்டிருந்தது. குறிப்புகளில் எச்டிஎம்எல் தவறாக இருந்தால் எச்சரிக்கை இல்லை, நேரடியாகப் பிழை. சாய்கோடு போட்டு மூடிய வரிமுறிவுக் குறி, தனியாக நின்ற '<' குறி, இல்லாத ஒன்றைச் சுட்டும் இணைப்பு எல்லாமே பிழைதான். பல ஆண்டுகளாக ஒழுங்காக வெளியாகிக்கொண்டிருந்த திட்டங்கள் ஜாவா 8-க்கு மாறியதும் தடுக்கி விழுந்தன. நிரலில் ஒரு குற்றமும் இல்லை, குறிப்பில் ஒரு சாய்கோடு!

நிரலாளர்கள் என்ன செய்தார்கள்? சிலர் குறிப்புகளைத் திருத்தினார்கள். பலர் டாக்லின்ட்டையே அணைத்துவைக்கும் ஒரு சொல்லைத் தங்கள் அமைப்புக் கோப்பில் சேர்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். ஆயிரம் குறைகளை ஒரே நாளில் முன்னால் கொட்டி, எல்லாவற்றையும் சரிசெய்யும்வரை வாசலைத் திறக்க மாட்டேன் என்று சொன்னால், மனிதர்கள் வாசலையே பெயர்த்துவிடுவார்கள்.

பைத்தான் உலகில் வேறு விதமான சம்பவம். நிரலின் எழுத்து நடைக்கு 2001-ல் எழுதப்பட்ட 'பெப் 8' வழிகாட்டி, கண்மூடித்தனமான ஒழுங்கு கூடாது என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கிறது. ஆனால் அதைச் சரிபார்க்க வந்த கருவிக்கும் 'பெப் 8' என்றே பெயர். கருவி சொல்வதெல்லாம் வழிகாட்டியின் தீர்ப்பு என்று நினைத்து ஆட்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். கடைசியில் வான் ரோஸமே பெயரை மாற்றச் சொன்னார். 2016-ல் அது 'பைகோட்ஸ்டைல்' ஆனது. குறிப்புகளைச் சோதித்த 'பெப் 257' கருவி 'பைடாக்ஸ்டைல்' ஆனது. வழிகாட்டி மனிதருக்கு, கருவி வெறும் கருவி என்று பிரித்துச் சொல்ல ஒரு பெயர் மாற்றம் தேவைப்பட்டது.

கோ மொழிக்காரர்கள் மூன்றாவது வழியில் போனார்கள். அவர்களின் 'கோஃபம்ட்' குறை சொல்வதில்லை, தானே திருத்திவிடும். 2022-ல் வந்த கோ 1.19 முதல் ஆவணக் குறிப்புகளின் வடிவத்தையும் அது ஒழுங்குபடுத்துகிறது. "உன் இடைவெளி தப்பு" என்று ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. புதிதாக ஒரு திட்டத்துக்குள் வரும் மாணவருக்கு இது சிறிய நன்மை அல்ல. முதல் பங்களிப்புக்கே பத்து இடைவெளித் திருத்தங்களைப் பதிலாகப் பெற்றவர் இரண்டாவது முறை வருவது சந்தேகம்தான்.

இயந்திரத்துக்குத் தெரியாதது

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. "சேவையகம் 8080-ம் வாயிலில் இயங்கும்" என்று கையேட்டில் அழகாக எழுதியிருக்கிறது. தலைப்பு சரி, இடைவெளி சரி, வரி நீளம் சரி. நிரல் போன மாதமே 9090-க்கு மாறிவிட்டது. எந்த லின்ட்டும் வாய் திறக்காது. வடிவம் சரியாக இருப்பதால் படிப்பவர் கூடுதலாக நம்புவார் என்பதுதான் ஆபத்து.

இதற்கும் ஒரு பாதித் தீர்வு உண்டு. 2001-ல் பைத்தான் 2.1-ல் சேர்ந்த டிம் பீட்டர்ஸின் 'டாக்டெஸ்ட்', குறிப்பில் உள்ள உதாரணங்களை உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து, எழுதியிருக்கும் விடை வருகிறதா என்று சொல்கிறது. காமன்மார்க் விதிமுறையில் உள்ள 600-க்கும் மேற்பட்ட உதாரணங்களும் அப்படித்தான் சோதிக்கப்படுகின்றன. ஓட்டிப் பார்க்க முடிந்தவரை இயந்திரம் பார்க்கும். அதற்கு மேல் உள்ளதை, விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

மர்ரே ஹில்லின் தட்டச்சர்களுக்கு வரி எண் போடும் வேலையை ராஃப் மிச்சப்படுத்தியது. விண்ணப்பத்தில் சொல்லியிருக்கும் கண்டுபிடிப்பு உண்மையில் புதியதா என்பதை அது பார்க்கவில்லை. இன்றைய லின்ட்டுகளுக்கும் அதே வேலைதான், அதே எல்லைதான். பஞ்சைப் பொறுக்க இயந்திரம் போதும். சட்டை அளவாக இருக்கிறதா என்று பார்க்க, போட்டுப் பார்க்கும் ஆள் வேண்டும்.